70 ஆயிரம் ரூபாய்: பளபளப்புக்கா, பாகத்துக்கா?

திருவொற்றியூரில் 1955-ம் ஆண்டில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. முதலில் அங்கே மோட்டார் சைக்கிளை முழுதாகச் செய்யவில்லை. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைக் கோத்து வண்டியாக்கினார்கள்.

அதற்கும் முன்னால், 1949-ல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்டின் கார் கோத்தார்கள். அந்தப் பாகங்களும் கடல் கடந்து வந்தவைதான்.

ஆகவே, வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிக் கோப்பது வடசென்னைக்குப் புதிய வேலை அல்ல. எந்தப் பாகம் எதோடு பொருந்தும், எது முதலில் தேயும் என்பதெல்லாம் இந்தப் பக்கத்துத் தொழிலாளிக்குத் தெரியும்.

இன்று அந்த வேலை தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. மூலக்கொத்தளத்தில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை கேட்கிறான்:

"நைனா! எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்."

"எவ்ளோடா ஆவும்?"

"எழுபதாயிரம் ஆவும் நைனா."

நைனா வாயடைத்துப் போகிறார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

இந்த வழக்கில் நாம் யார் பக்கம்? பிள்ளையின் பக்கமும் அல்ல, நைனாவின் பக்கமும் அல்ல. அந்த 70 ஆயிரம் ரூபாயின் பக்கம்! அது சீட்டு எடுத்த பணமாக இருக்கும். போனஸ் பணமாக இருக்கும். அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனாகவும் இருக்கும். அந்தப் பணம் பாழாகக் கூடாது.

சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு

"விளையாட்டு என்றால் பணம் கட்டி ஆடும் சூதாட்டமா?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதே சட்டம், கம்ப்யூட்டரில் திறமையைக் காட்டி மோதும் போட்டிகளை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. இரண்டும் வேறு வேறு.

மேலும், விளையாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் விளையாட மட்டும்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். சினிமாப் படத்தொகுப்பு, வீட்டு வரைபடம், பொம்மைப்பட வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பலம் வேண்டும். பிள்ளை எதற்குப் பயன்படுத்துவான் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அது குடும்ப விஷயம். நாம் பாகங்களைப் பற்றிப் பேசுவோம்.

நூறு ரூபாய்க் கணக்கு

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆகவே விலைப் பட்டியல் போட்டால் நாளைக்கே பொய்யாகிவிடும். அதற்குப் பதில் நூறு ரூபாய்க் கணக்காகச் சொல்கிறோம். திரை, கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 35 ரூபாய். இதுதான் படம் வரைகிற பாகம். ஓர் ஓவியன் ஒரு நொடிக்கு 60 படம் வரைந்தால் எப்படி இருக்கும்? அந்த வேலையை இந்தக் கார்டு செய்கிறது. விளையாட்டு ஓடுவதும் திக்குவதும் பெரும்பாலும் இதன் கையில்தான் இருக்கிறது.

பிராசசருக்கு 17 ரூபாய். இது மூளை. மதர்போர்டுக்கு 13. எல்லாப் பாகமும் இதன் மேல்தான் உட்காருகின்றன. ராமுக்கு 12. இது வேலை செய்யும் மேசை. மேசை சிறியது என்றால் சாமானைத் தூக்குவதும் வைப்பதுமாகவே பொழுது போய்விடும். எஸ்.எஸ்.டி.க்கு 9. இது அலமாரி. இப்போதைய பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜி.பி. இடத்தைத் தாண்டுகிறது. ஆகவே 1 டி.பி. அளவுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 8. எல்லாவற்றையும் அடக்கும் கேபினெட்டுக்கு 6.

நூறு தீர்ந்தது.

பிள்ளைகள் செய்வது என்ன? கேபினெட்டுக்கு 15 ரூபாய் போடுகிறார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, ஏழு நிற விளக்கு, ஆறு காற்றாடி! விளக்கு எரிந்தால் விளையாட்டு வேகமாக ஓடும் என்று யார் சொன்னார்கள்? கல்யாண மண்டபத்துக்குத் தோரணம் கட்டியாகிவிட்டது. சமையலுக்கு அரிசி இல்லை! அந்தப் பணத்தை எங்கிருந்து வெட்டினார்கள் என்று பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வெட்டியிருப்பார்கள். இங்கேதான் ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத பெட்டி

கொத்தளம் என்றால் கோட்டைச் சுவரில் காவல் காக்கும் மேடை. பழைய சென்னையைச் சுற்றி எழுப்பிய சுவரின் நினைவு நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. பக்கத்து வால்டாக்ஸ் சாலையின் பெயரிலும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கொத்தளம் எது? எஸ்.எம்.பி.எஸ்.தான்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டரின் பாகங்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது 12 வோல்ட். அந்தப் பெரிய மின்சாரத்தைச் சின்னதாக்கி, சீராக்கி, பாகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற இரும்புப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டின் மூலையில் மறைந்திருக்கும். விருந்தாளிக்குக் காட்ட முடியாது. அதனால் அதற்கு மதிப்பில்லை.

மற்ற பாகம் கெட்டால் அந்தப் பாகம் மட்டும் போகும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் மதர்போர்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம். நூறில் 8 ரூபாய் போட வேண்டிய இடத்தில் 2 ரூபாய் போட்டு, மீதி 98 ரூபாயையும் பணயம் வைப்பதா? தீப்பிடிக்கும் பயமும் உண்டு. நெருக்கமான குடியிருப்பில் அது ஒரு வீட்டோடு நிற்காது.

கடையில் சொல்வார்கள்: "கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். கூடவே வரும். 450 வாட்ஸ். இலவசம்!" வேண்டாம். கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

450 வாட்ஸ் என்று எழுதினால் 450 வாட்ஸ் வந்துவிடுமா? ஒரு பரீட்சை சொல்கிறோம். பெருக்கல் தெரிந்தால் போதும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் உங்கள் விளையாட்டுக்கு உதவும் உண்மையான பலம்.

ஓர் உதாரணம். வெளியே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருக்கிறது. 12 தடவை 18 எவ்வளவு? 216! பாதிகூட இல்லை. இன்னொரு பெட்டியில் 550 வாட்ஸ் என்று இருக்கிறது. 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர். பெருக்கினால் 540. இவன் நாணயமானவன். சீட்டிலேயே 12 வோல்ட் கட்டம் இல்லையா? அந்தப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

கையில் தூக்கியும் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனக்கும். உள்ளே தாமிரமும் அலுமினியமும் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கின்றன என்று அர்த்தம். காலித் தகரம் போல் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். "80 பிளஸ் பிரான்ஸ்" என்ற முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. இழுக்கும் மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கு அது அடையாளம்.

எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? ஆர்.டி.எக்ஸ். 5060 போன்ற நடுத்தரக் கார்டு 145 வாட்ஸ் இழுக்கும். பிராசசரையும் மற்றவற்றையும் சேர்த்தால் 300 வாட்ஸுக்குள் அடங்கும். நாணயமான 550 வாட்ஸ் தாராளம். "850 வாட்ஸ் இல்லாவிட்டால் ஓடாது" என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

பெயர் ஒன்று, சரக்கு இரண்டு

கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற பெயரில் இரண்டு கார்டுகள் 2025-ல் வந்தன. ஒன்றுக்கு 8 ஜி.பி. நினைவகம். மற்றதற்கு 16 ஜி.பி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. என்ற கார்டும் இப்படியே இரட்டைப் பிள்ளைகள். விலை ஒன்றல்ல. ஆனால் பெயர் ஒன்றுதான்! கொட்டேஷனில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எத்தனை ஜி.பி. என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பிள்ளை எந்த விளையாட்டு விளையாடுகிறான் என்றும் கேளுங்கள். வேலோரண்ட் மட்டும்தான் என்றால் பெரிய கார்டே வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 25 ரூபாய் போதும். மிச்சம் 10 ரூபாய் அம்மாவின் கையில் இருக்கட்டும்.

பிராசசரும் மதர்போர்டும் மாப்பிள்ளை, பெண் மாதிரி. ஜாதகம் பொருந்தாவிட்டால் உட்காரவே உட்காராது. ஏ.எம்.டி. கம்பெனியில் ஏ.எம்.4 என்பது பழைய பொருத்தம். ஏ.எம்.5 என்பது 2022-ல் வந்த புதுப் பொருத்தம். ஒன்றுக்குரியது மற்றதில் சேராது. ராமிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு சாதி. ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 மட்டும்தான் போகும். நாலு வருஷம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏ.எம்.5 வாங்குங்கள். கையில் பணம் குறைவு, இதோடு சரி என்றால் ஏ.எம்.4 போதும். நம்மைக் கேட்டால், கடன் வாங்கி ஏ.எம்.5 வாங்குவதைவிடக் கடன் இல்லாத ஏ.எம்.4 மேல்.

இன்டெல் பிராசசரின் பெயர் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. "முதலில் பிராசசர், அடுத்த தீபாவளிக்குக் கார்டு" என்று தவணையில் வாங்க நினைப்பவர்கள் எஃப் இல்லாததையே வாங்க வேண்டும்.

ராம் விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் அது தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்கள். நினைவகம் செய்யும் தொழிற்சாலைகள் அந்தப் பெரிய மனிதர்களுக்கே சரக்கை அனுப்புகின்றன. மைக்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காகக் குரூசியல் என்ற பெயரில் விற்றுவந்த ராம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ கட்டுகிற கூடத்துக்கு மூலக்கொத்தளத்துப் பிள்ளை விலை கொடுக்கிறான்! இதனால் நாம் சொன்ன 12 ரூபாய் 18 ஆகவும், அதற்கு மேலும் ஆகலாம். அப்படியானால் 16 ஜி.பி. ராம் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பக்கத்து இடத்தைக் காலியாக விடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். பாதகமில்லை. விலை இறங்கும்போது ஜோடி சேர்த்துவிடலாம்.

பழைய சரக்கு

பழைய பாகம் வாங்கலாமா? பார்த்து வாங்கலாம். 2022 செப்டம்பர் வரை ஈத்தர் என்னும் கம்ப்யூட்டர் நாணயத்தைச் சம்பாதிக்கக் கிராஃபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். அந்த முறை அந்த மாதத்தோடு நின்றது. உழைத்துக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றின் காற்றாடியைச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றால் வேண்டாம்.

இதைவிட மோசம், போலிக் கார்டு. மிகப் பழைய கார்டில் புதுக் கார்டின் பெயரைப் புகுத்திவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அந்தப் பொய்யை நம்பி, புதுப் பெயரையே காட்டும். ஜி.பி.யு. இசட் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. பல போலிகளை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய பிராசசரிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இன்டெல்லில் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்திய பிராசசர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விளையாட்டுக்கு வாங்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் பழையதாக வாங்கக் கூடாது.

உப்புக் காற்றும் மூன்றாவது ஓட்டையும்

துறைமுகம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் காற்றில் உப்பு வரும். லாரிப் புழுதியும் வரும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெளிநாட்டுக்காரன் குளிர் அறையில் வைத்துச் சொல்லும் கணக்கு நமக்கு ஒத்துவராது. சூடு மிகுந்தால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் வீண். ஆகவே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் வேண்டாம். சல்லடை போட்டதை வாங்குங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசி தட்டுங்கள். தரையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெருக்கள் நம்மிடம் பல இருக்கின்றன.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? "கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. பிளக்கின் மூன்றாவது ஓட்டையில் எர்த் இல்லை என்று பொருள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது! முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எர்த் போட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வர வேண்டும்.

மின்சாரச் செலவு எவ்வளவு? திரையையும் சேர்த்து 300 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்தது. அந்த அளவுகோலால் பார்த்தால், முக்கால் பாகத்தை ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும். 4 மணி நேரம் தேவைதானா என்று நைனா கேட்கலாம். நியாயமான கேள்வி.

பில் எங்கே?

பாகம் வாங்க அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்குப் போவீர்கள். பேரம் பேசுவது நமக்குப் பழக்கம். 1969-ல் பர்மா பஜார் வந்த நாளிலிருந்து பேசுகிறோம்! தாராளமாகப் பேசுங்கள். ஆனால் ஒன்றில் மட்டும் பேரம் கூடாது. "பில் வேண்டாம் என்றால் 18 சதவிகித வரி மிச்சம்" என்று ஒரு குரல் வரும். 30 ஆயிரம் ரூபாய்க் கார்டில் அது ஆசை காட்டும் தொகைதான். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கும்போது கையில் ஆதாரம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பொதுவாக மூன்று வருஷ வாரண்டி உண்டு. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வரியை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமா?

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் ஒன்று, ரூ.70 ஆயிரம்" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வாங்காதீர்கள். உள்ளே எதை மாற்றினாலும் கேட்க முடியாது. கடைக்காரர் வம்பு செய்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கடையிலேயே கோத்துத் தருவதானால் நைனாவும் கூடவே உட்காரட்டும். பெட்டியை மூடும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சீட்டை இன்னொரு தரம் பார்க்கட்டும். அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டச் சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் திரையின் ஒயரைச் சொருக இரண்டு இடம் இருக்கும். மேலே உள்ளது மதர்போர்டின் இடம். கீழே படுக்கைவசத்தில் உள்ளது கிராஃபிக்ஸ் கார்டின் இடம். பலர் அவசரத்தில் மேலே சொருகிவிட்டு, "30 ஆயிரம் போட்டும் படம் திக்குகிறதே!" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். கீழே சொருகுங்கள்.